ஊசியா, முகக்கவசமா? கொங்கு வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஒரு கணக்கு

2021 மே மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தின் அன்றாடக் கொரோனா எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. ஜூனில் மாநிலம் ஊரடங்கைத் தளர்த்தத் தொடங்கியபோது 11 மாவட்டங்களுக்குத் தளர்வு தள்ளிப்போனது. அவற்றில் ஏழு நம் பக்கத்தவை: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல். தோட்டமும் காடுமாக ஊர்கள் விரிந்து கிடந்தாலும், விடிந்தால் கம்பெனி வேனிலும் மில்லிலும் தறிக்குடோனிலும்தான் நாம் ஒன்றாக அடைகிறோம். காற்றில் பரவும் நோய்க்கு அது போதும்.

அப்போது நம் கையில் இருந்தவை இரண்டு: முகக்கவசம், தடுப்பூசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தொழிலாளர் காரியங்களைப் பார்ப்பவன் என்பதால் இரண்டைப் பற்றியும் அன்றாடம் பேச வேண்டியிருந்தது. “ரெண்டு ஊசியும் போட்டாச்சுங்க, இனி எதுக்குங்க மாஸ்க்கு?” என்று சிலர் கேட்பார்கள். “நான்தான் மாஸ்க்கு போட்டுக்கிட்டே இருக்கறனே, எனக்கு எதுக்குங்க ஊசி?” என்று வேறு சிலர். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்ற எண்ணம் இரண்டு கேள்விக்கும் அடியில் இருந்தது. அந்த எண்ணம் ஆபத்தானது. அடுத்த பெருந்தொற்று எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருஷந்தோறும் வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கே இதே கேள்வி எழுகிறது. வீட்டில் யாருக்கு எது முதலில், கம்பெனியில் பணம் எதற்கு முதலில் என்று நோய் இல்லாத நாளில் ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் நாள்கணக்கு

தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7. நாட்டில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16, அதுவும் முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1, 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஏப்ரல் 1, 18 வயதைக் கடந்தவர்களுக்கு மே 1. ஒரு புதிய நோய்க்கு இத்தனை வேகமாகத் தடுப்பூசி வந்ததே பெரிய காரியம். அப்படியும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கும் 25 வயதுப் பெண்ணுக்கு அதன் வாசல் திறக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மே 13 அன்று கோவிஷீல்டின் இரண்டு தவணைக்கும் இடையிலான காலத்தை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். மே முதல் வாரத்தில் முதல் ஊசி போட்டவருக்கு இரண்டாவது ஊசி ஜூலைக் கடைசியில்தான். அது முழுப் பலன் தர இன்னும் இரண்டு வாரம். மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியதோ மே மாதத்திலேயே.

அந்த மே மாதத்தில் அந்தப் பெண்ணிடம் இருந்தது முகக்கவசம் மட்டும்தான். அப்போது பரவிய டெல்டா வகைக் கொரோனாவுக்கு எதிராக ஒரே ஒரு தவணை கொடுத்த பாதுகாப்பு மிகக் குறைவு. அறிகுறியோடு வரும் தொற்றை அது ஏறக்குறைய 30 விழுக்காடுதான் தடுத்தது என்று பிரிட்டனில் கணக்கிட்டார்கள். முதல் ஊசி போட்ட மறுநாளே மாஸ்க்கைக் கழற்றியவர்களை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

முதல் நாளிலிருந்தே கைக்குக் கிடைக்கக்கூடியது முகக்கவசம். அதைத் திருப்பூரே செய்து காட்டியது. ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோன 2020-ல் கம்பெனிகள் மாஸ்க்கும் முழுப் பாதுகாப்பு உடையும் தைத்தன. அந்த உடைத் துணியில் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சொன்னது கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம். நாள்கணக்கை மட்டும் பார்த்தால் முகக்கவசத்துக்கே முதலிடம்.

எந்த மாஸ்க், எந்த இடத்தில்

எங்கள் தொழிலே பனியன் துணி என்பதால் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது: பனியன் துணி மாஸ்க் நல்ல வடிகட்டி இல்லை. பின்னல் துணி கண்ணி கண்ணியாக இருப்பது. முகத்தில் இழுத்து மாட்டும்போது ஒவ்வொரு கண்ணியும் விரிந்து கொடுக்கும். உடம்புக்குச் சுகம் தரும் அந்தக் குணமே இங்கே குறை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொள்வது அதைவிடவும் கீழ். மூன்றடுக்கு அறுவைச்சிகிச்சை மாஸ்க்கில் நடு அடுக்குதான் வேலைக்காரன். மிக மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகளை அந்த மின்னூட்டம் இழுத்துப் பிடிக்கும். சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னூட்டம் போய்விடும். துவைத்துக் காயப்போட்டு மறுபடி மாட்டியவர்கள் பார்வைக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களை முன்னே நிறுத்தி, தெருவில் நினைவூட்டினார்கள். மாஸ்க் ஒழுங்காகப் போடுபவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 ஆனார்கள். மூன்றடுக்கு மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று 11 விழுக்காடு குறைந்தது, 60 வயதைக் கடந்தவர்களிடம் 35. துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் தெளிவான பலன் தெரியவில்லை. 11 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஊரில் பாதிப்பேர்கூடப் போடாத நிலையில் கிடைத்த பலன் அது. அந்த ஊர் பொம்பளையாளும் ஆம்பளையாளும் வயல்வேலைக்குப் போகிற, ஈரக்காற்றில் வேர்க்கிற நம்மைப் போன்றவர்கள்தான். ஆகவே இந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என்-95 இன்னும் ஒரு படி மேலே. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 95 விழுக்காட்டைப் பிடிக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் மட்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். மூக்குக் கம்பியை அழுத்தாமல் விட்டாலும் அதே கதை. மூச்சு விட வால்வு வைத்த வகையைப் பஞ்சுத் தூசிக்காக மில்லில் சிலர் வைத்திருந்தார்கள். அது போட்டிருப்பவரைக் காக்கும். அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் எதிரே இருப்பவர்மேல் விட்டுவிடும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையே அந்த வகை வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது.

எந்த மாஸ்க் என்பதைவிடப் பெரிய கேள்வி, எங்கே போட்டோம் என்பது. மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம், பிறகு 2022 ஜனவரியில் 500 ஆனது. அபராதம் போடுகிறவர் நின்றது ரோட்டில். அதனால் அவினாசி ரோட்டில் வண்டியில் தனியாகப் போகும்போது, எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும்போது, மாஸ்க் ஒழுங்காக இருந்தது. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் தாடைக்கு இறங்கியது. ஏசி போட்டுக் கதவு சாத்திய மண்டபம். சீர் செய்யும் இடத்தில், சடங்கை நடத்தும் அருமைக்காரரைச் சுற்றி நெருங்கி நிற்கும் பங்காளிகள். பந்தியில் தோளோடு தோள் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேச்சு. நோய்க்கு வேண்டிய இடம் அதுதான். எளவு வீடு இன்னும் மோசம். கட்டிப்பிடித்து அழுகிறவரிடம் மாஸ்க்கை ஏற்றுங்கள் என்று யார் சொல்வது? வரும் காலத்தில் நான் வைத்துக்கொள்ள விரும்பும் விதி எளிது: கூரையும் கதவும் இருந்தால் மாஸ்க், தோட்டத்து வெளியில் தேவையில்லை. வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சுகிறவரை மாஸ்க் போடச் சொன்னால், மண்டபத்தில் போடச் சொல்லும் பேச்சையும் அவர் கேட்க மாட்டார்.

தறிக்குடோனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும், அல்லது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உரக்கப் பேசப் பேச வாயிலிருந்து துகள் அதிகம் வெளியேறும். மாஸ்க் மிகவும் தேவைப்படும் இடமும் அதைப் போட்டு வேலை செய்ய முடியாத இடமும் ஒன்றாகிவிட்டது. ஸ்பின்னிங் மில்லில் நூல் அறாமலிருக்க ஈரப்பதத்தை ஏற்றி வைத்திருப்பார்கள்; ஷிஃப்ட் பாதியிலேயே மாஸ்க் நனைந்து மூச்சு முட்டும். ஒருவருக்கு ஒரு மாஸ்க் என்று கொடுத்துவிட்டுப் “போட மாட்டேங்கறாங்க” என்று குறை சொல்வது நியாயமில்லை. ஷிஃப்டுக்கு இரண்டாவது கொடுக்க வேண்டும், கழற்றி வெளிக்காற்றில் மூச்சு வாங்க நேரமும் கொடுக்க வேண்டும். தறிக்குடோனில் அதைவிடப் பயனுள்ளது சன்னலைத் திறந்து, சுவரில் காற்று வெளியேற்றும் ஃபேன் மாட்டுவது. மூன்றாவது வழி என்று யாரும் கணக்கில் சேர்க்காத காற்றோட்டம் அங்கே முதல் வழி.

ஊசியின் வேலை வேறு

தமிழ்நாடு காவல்துறையில் 1,17,524 பேரின் விவரத்தை வைத்துச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஒரு கணக்குப் பார்த்தது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை 31 காவலர்கள் கொரோனாவால் இறந்திருந்தார்கள். ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். சாவைத் தடுப்பதில் ஒரு தவணை 82 விழுக்காடு, இரண்டு தவணை 95. அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது வீதியில் நின்றவர்களின் கணக்கு இது. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் தன் பணியாளர்களிடம் பார்த்தது. இரண்டு தவணை போட்டவர்களிடம் தொற்று 65 விழுக்காடு குறைந்தது, ஆஸ்பத்திரியில் சேர்வது 77, ஆக்சிஜன் தேவைப்படுவது 92, தீவிர சிகிச்சைக்குப் போவது 94. இந்த நான்கு எண்களையும் வரிசையாகப் பார்த்தால் ஊசியின் குணம் தெரிந்துவிடும். நோய் உள்ளே வராமல் தடுப்பதில் அது நடுத்தரம். வந்த நோய் நுரையீரலைத் தின்னாமல் காப்பதில் மிகக் கெட்டி. 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்தபோது முதல் எண் நன்றாகவே சரிந்தது. கடுமையான நோயைத் தடுக்கும் பலம் அந்த அளவுக்குச் சரியவில்லை. நம்மூர்க் கிணற்றை வைத்துச் சொன்னால், முகக்கவசம் கிணற்றைச் சுற்றிக் கட்டும் சுவர், ஊசி நீச்சல். சுவர் இருந்தும் விழுந்தவரைக் காப்பது நீச்சல். நீச்சல் தெரியும் என்பதற்காகச் சுவரை இடிக்கிறவர் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. முகக்கவசம் நாள் முழுக்க எடுக்க வேண்டிய முடிவு, அதன் பலனில் பாதி எதிரே இருப்பவர் போட்டாரா என்பதில் இருக்கிறது. ஊசிக்கு இரண்டே காலைப்பொழுது போதும், பிறகு மறந்துபோனாலும் உடம்பு மறக்காமல் பல மாதம் வேலை செய்யும். மறதியும் அசதியும் உள்ள மனிதர்களுக்கு ஊசி தோதானது.

கோவிஷீல்டா கோவாக்சினா என்ற பேச்சில் அன்று நிறைய நேரம் போனது. கோவாக்சின் இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம் என்பதால் வேகமாக முடிந்தது. தனியாரில் அப்போது அதன் விலை 1,410 ரூபாய், கோவிஷீல்டு 780. ஜூன் 21-க்குப் பிறகு அரசு முகாமில் இரண்டும் எல்லா வயதுப் பெரியவர்களுக்கும் இலவசம். அலை தலைக்கு மேல் இருக்கும்போது முதலில் கிடைப்பதைப் போடுவதே சரி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டு, மற்றவர்களையும் போடச் சொன்னார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். மறுநாளிலிருந்து எங்கள் கம்பெனியில் ஊசிப் பேச்சை எடுக்கவே முடியவில்லை. அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஊசியின் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். அதற்குள் அலை வந்து போய்விட்டது. ரத்தம் உறையும் அரிய பக்கவிளைவு கோவிஷீல்டு வகைக்கு உண்டு என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டன் அதற்காகவே 2021 மே மாதம் 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முடிந்தவரை வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. ஆனால் 65 வயதில் சர்க்கரையோடு இருப்பவருக்கு அந்த அரிய ஆபத்தையும் கொரோனாவின் ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தராசு ஊசியின் பக்கமே சாய்கிறது.

யாருக்கு எது

வீட்டில் அப்பாரு, அம்மாயி, அப்பச்சி என்று 60-ஐக் கடந்தவர் இருந்தால் ஊசி முதலில் அவருக்கு. இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. ஆனால் அதிகம் மறுத்தவர்கள் அவர்கள்தான். “எனக்கு எதுக்கு சாமி இனி, சின்னஞ்சிறுசுகளுக்குப் போடுங்க” என்பார்கள். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் சொல்வது. அந்தப் பாசத்துக்கு மரியாதை கொடுத்தே, நோய் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் அதற்கு நேர்மாறானது என்று சொல்லித்தர வேண்டும். மாரியாத்தா பார்த்துக்கொள்வாள் என்பவர்களிடம் சாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம். கோவையில் சென்ற நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிளேக்கை நினைவூட்டும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். பயந்த ஜனம் கும்பிடத்தான் செய்யும். அந்த அம்மாயியின் மேல்கையில் அம்மை குத்தின தழும்பு இருக்கும். அதைத் தொட்டுக் காட்டினால் போதும். பெரியம்மை இந்த நாட்டில் 1975-க்குப் பிறகு இல்லாமல் போனது அந்தத் தழும்பால். மாரியம்மன் நோம்பி அதற்காக நின்றுவிடவில்லை.

கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை 2 அன்றுதான் அனுமதி வந்தது. அதுவரை அவர்களுக்கு மாஸ்க்கும் தனித்திருப்பதும் மட்டுமே. அடுத்த முறையும் அவர்களுக்கான அனுமதி தாமதமாகலாம் என்று எண்ணி, அந்த வீட்டில் உள்ள மற்றவர்கள் எல்லாரும் முன்கூட்டியே ஊசி போட்டுவிட வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம் என்பது அரசின் வழிகாட்டுதலே.

தையலில், செக்கிங்கில், மில் ஹாஸ்டலில் இருக்கும் இளைஞர்களுக்கு இரண்டும் தேவை. அவர்கள் உயிருக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம், நோயை வீட்டுக்குக் கொண்டுபோவது அவர்கள்தான். வேனில் என்-95, சாயந்தரம் ஊருக்குப் போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்காரும்போது மூன்றடுக்கு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலர் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு மாஸ்க் பகலில் மட்டும்தான் உதவும். இரவில் அறைக்குள் யாரும் மாஸ்க்கோடு தூங்க முடியாது. அவர்களுக்கு ஊசி முந்த வேண்டும், அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இனிக் கம்பெனி. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறியும் குடியும் இருப்பதால் ஆட்கள் தயங்குகிறார்கள் என்று அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கறி தின்றால் ஊசி போடக் கூடாது என்பதெல்லாம் கிடையாது. ஆனால் திருப்பூருக்குச் சனிக்கிழமை வேறொரு காரணத்தால் நல்ல நாள். வாரச் சம்பளம் அன்றைக்குத்தான். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் ஊசிக்குப் பயந்ததைவிட மறுநாள் காய்ச்சலில் போகும் கூலிக்குத்தான் அதிகம் பயந்தார். “காச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டா யாருங்க காசு குடுப்பாங்க?” என்ற கேள்விக்குத் துண்டறிக்கையில் பதில் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சனி சாயந்தரம் ஊசி போட்டால் ஞாயிறு ஓய்வோடு காய்ச்சல் கழியும். திங்களும் முடியாதவருக்கு அந்த ஷிஃப்ட் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டும். கைகழுவும் மருந்துக்கும் வாசலில் வெப்பமானி பிடிக்கும் ஆளுக்கும் செலவழித்த பணத்தை இதற்குப் போட்டால் பல மடங்கு பலன் கிடைக்கும். அந்தச் சம்பளத்தை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும். ஊசி போடும் அன்று வாய்வார்த்தையாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெருந்தொற்று இல்லாத வருஷத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோவை மில்களில் பல வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். அவர்கள் நுரையீரல் ஏற்கெனவே தேய்ந்தது. சாதாரண ஃப்ளூ காய்ச்சலே ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, வருஷம் ஒருமுறை காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பிள்ளைகள் டாக்டரைக் கேட்டு மழைக்காலத்துக்கு முன்பே அவர்களுக்குப் போட்டுவிடலாம். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால், அது தீரும்வரை பெரியவர் அறைக்குள் போகும்போது சளி பிடித்தவர் முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், அந்த அறையின் சன்னல் திறந்திருக்கட்டும்.